மூன்று விரலும் ஒரு பிரஷும்

நந்தாய்மே
12 மார்ச் 1996, செவ்வாய்

கொமாத்ரே மிக்தாலியா அவர்களுக்கு,

உங்கள் மகள் யோர்லேனியை ஞானஸ்நானத்தின்போது ஏந்திய கைதான் இதை எழுதுகிறது. அவளுக்கு நான் ஞானத்தகப்பன், அதனால் நீங்கள் எனக்குக் கொமாத்ரே, நான் உங்களுக்குக் கொம்பாத்ரே. அந்த உறவுக்காகத்தான் இந்த மரியாதை. இல்லாவிட்டால் வேறு வார்த்தையில் தொடங்கியிருப்பேன், அதையும் நீங்கள் ரிப்போர்ட்டில் ஏற்றியிருப்பீர்கள்.

தீர்ப்பு வரும்வரை நாம் நேரில் பேசக்கூடாது, போனிலும் பேசக்கூடாது என்று லீக் உத்தரவு போட்டிருக்கிறது. கடிதம் எழுதக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர் சிரிலோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நாங்கள் ஆடியது பேஸ்பால், நீங்கள் வேறு ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் போலிருக்கிறது. அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். எங்கள் பிட்சர் பிளாஸ் போட்ட முதல் பந்து வெளியே போனது. இரண்டாவது மண்ணில் குத்தியது. மூன்றாவது பந்து அடிக்கிறவன் தலைக்கு மேலே பறந்தது. உடனே நீங்கள் முகமூடியைக் கழற்றி "நாலு, நட" என்று அவனைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பினீர்கள். நாலு வெளிப்பந்து விழுந்தால்தான் நடை என்பது இந்த நாட்டில் பன்றி மேய்க்கிறவனுக்கும் தெரியும். நான் ஓடிவந்து மூன்று விரலைக் காட்டினேன். என்னை வெளியேற்றினீர்கள். அந்த நடையால் மூன்று பேஸிலும் ஆட்கள் நின்றார்கள், அடுத்தவன் அடித்த அடியில் இரண்டு ரன் வந்தது, நாங்கள் தோற்றோம்.

வெளியேற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ரிப்போர்ட்டில் "அம்பயரைத் தொட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தினால் இரண்டு ஆட்டம் தடை, தொட்டால் ஒரு வருஷம். எனக்கு வயது அறுபத்திரண்டு. பத்தொன்பது வருஷமாக இந்த அணியை நடத்துகிறேன், ஒருமுறைகூட இறுதி ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்தால் அணியை வேறொருவன் கையில் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் நான் வீட்டில் கிளிக்குப் பேச்சுச் சொல்லித்தர வேண்டியதுதான்.

கருணை கேட்கவில்லை. அந்த ஒரு வரியை அடியுங்கள் என்கிறேன். உங்கள் பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது. அது சாட்சிப் பொருள், தரமாட்டேன்.

உபால்தோ மரென்கோ
மேனேஜர் (இன்றைய தேதிவரை)


ஹுய்கல்பா
15 மார்ச் 1996

கொம்பாத்ரே உபால்தோ,

கடிதம் வந்தது. சிரிலோ அதை யோர்லேனி கையில் கொடுத்து, "அம்மாகிட்ட நீட்டிட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கோ" என்றானாம்.

கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். மூன்று விரல் காட்டியதற்காக உங்களை வெளியேற்றவில்லை. நீங்கள் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரிப் பிளேட்டைப் புதைத்தீர்கள். அடிக்கிறவன் முன்னால் கிடக்கும் அந்த வெள்ளைப் பலகையை அம்பயர் மட்டும்தான் துடைக்க வேண்டும். அதன்மேல் மண் போடுவது என் முகத்தில் போடுவது. அதற்காக வெளியேற்றினேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் போகவில்லை. என் இடுப்புப் பையில் கைவிட்டுப் பிரஷை உருவினீர்கள். நாலாயிரம் பேர் பார்க்க, பிளேட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இதோ பாருங்க கொமாத்ரே, பெருக்குறதுதான் உங்களுக்குத் தெரிஞ்ச வேலை. அதோட நின்னுக்குங்க. எண்ணுறதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

ஒரு சொல் விடாமல் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் மட்டும் அந்தப் பேச்சு இல்லை. எதை விட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

அம்பயரின் உடம்பு, உடை, கருவி, இதில் எதைத் தொட்டாலும் தொட்டதுதான் என்று விதி சொல்கிறது. வரியை அடிக்கமாட்டேன்.

இந்த லீக்கில் ஏழு அம்பயர்கள். ஆறு பேர் ஆண்கள். மூன்றாவது பேஸ் ஓரம் நாலு வருஷம் காயப்போட்ட பிறகுதான் என்னைப் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கவிட்டார்கள். அங்கே நின்று ஏழு வருஷம் ஆகிறது. நீங்கள் போன பிறகும் ஒரு இன்னிங்ஸ் பாக்கி இருந்தது. அது முடியும்வரை மொத்த ஜனமும் "பெருக்கு, பெருக்கு" என்று கத்தியது. உங்களுக்குக் கேட்டிருக்காது, குளித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

பந்தை எண்ண என் கையில் வைத்திருந்த கவுண்ட்டர் நாலு காட்டியது. பிரஷைத் திருப்பி அனுப்புங்கள்.

மிக்தாலியா ஒபாந்தோ


நந்தாய்மே
19 மார்ச் 1996

கொமாத்ரே,

அரையிறுதியின் மூன்றாவது ஆட்டத்தை ஜெயித்துவிட்டோம், மூன்றில் இரண்டு எங்களுக்கு. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக இறுதி ஆட்டம். உங்கள் உதவி இல்லாமலே ஜெயித்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெருக்குகிற பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மைதானத்தில் வாயில் வந்ததைச் சொல்வேன், எல்லோருக்கும் சொல்வேன். அம்பயர் பிரிமிதிவோவிடம் "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா, இல்ல கண்ணையே வச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டவன் நான். அவர் என்னை வெளியேற்றினார். சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து ரெண்டு தட்டு பன்றித்தோல் வறுவல் சாப்பிட்டார். ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் பதினோரு வருஷமாக அம்பயர். இன்னுமா தோல் தடிக்கவில்லை?

என் மனைவி தெல்மிரா உங்கள் கட்சி. ஒரு வாரமாக வீட்டைப் பெருக்கவில்லை. துடைப்பத்தை நான் உட்காரும் நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "எனக்கு எண்ணிக்கை மட்டுந்தான் தெரியும். எட்டு நாள் குப்பை சேர்ந்திருக்கு" என்கிறாள். ஆகவே இப்போது நான்தான் பெருக்குகிறேன். சந்தோஷமா?

ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். இரண்டு அணியின் ஸ்கோர் புத்தகத்தையும் போய்ப் பார்த்தேன். எதிரணிப் புத்தகத்திலும் மூன்று என்றுதான் இருக்கிறது. அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், ஜெயிக்கிறவன் எதற்குப் பேசுவான்? மேலேயிருந்து கீழேவரை எல்லோருக்கும் மூன்று, உங்கள் ஒருத்தர் கைக்குள் மட்டும் நாலு. அந்தக் கவுண்ட்டரைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

பிரஷ் பத்திரமாக இருக்கிறது.

உபால்தோ


ஹுய்கல்பா
25 மார்ச் 1996

கொம்பாத்ரே,

நேற்று போவாகோவில் ஒரு சாதாரண ஆட்டத்துக்கு நின்றேன். ஜனங்கள் வீட்டிலிருந்து துடைப்பம் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். பிளேட்டைத் துடைக்க நான் குனியும்போதெல்லாம் அத்தனையும் உயர்ந்தது. ஒன்று பறந்துவந்து காலில் பட்டது. பிரிமிதிவோவின் கண்ணாடியைக் கிண்டல் செய்தீர்கள். அதற்காக மறுநாள் யாரும் மைதானத்துக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. வித்தியாசம் இன்னும் விளங்கவில்லை என்றால் தெல்மிராவிடம் கேளுங்கள்.

இனி எழுதப்போவதை நீங்கள் கேட்டதற்காக எழுதவில்லை.

கவுண்ட்டரை விசாரித்தேன். மேஜைமேல் வைத்துச் சுற்றினால் ஒழுங்காகத்தான் எண்ணுகிறது. பிறகு அன்றைக்குப்போலவே உடுப்பு முழுவதும் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது பந்து மண்ணில் குத்தியபோது என் முழங்கால் காப்பின் வார் அவிழ்ந்தது. கவுண்ட்டரைக் கையில் வைத்தபடியே குனிந்து கட்டினேன். அதையே வீட்டில் ஏழு தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவை கட்டைவிரல் அழுத்திச் சக்கரம் ஒரு பல் நகர்ந்தது.

எண்ணிக்கை மூன்று. தவறு என்னுடையது.

நீங்கள் விரலைக் காட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பேஸில் நின்ற அம்பயரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் போனேன். அதற்குள் நீங்கள் முட்டிபோட்டு மண்ணை வாரினீர்கள், பிரஷை உருவினீர்கள், ஜனம் சிரித்தது. அதற்குப் பிறகு எப்படிக் கேட்பேன்? கேட்டிருந்தால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து கேட்டதாக ஆகியிருக்கும். அந்த இடத்தில் வீம்பு பிடித்தேன். அதுவும் என் தவறுதான்.

லீக்கின் விசாரணைக் குழு முன்னால் இதைச் சொன்னால் என் பிளேட் போய்விடும். ஏழு வருஷமாக அவர்கள் காத்திருப்பது இந்த ஒரு வாய்ப்புக்குத்தான். சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் செயலாளரிடம் காட்டினாலே போதும், உங்கள் வேலை முடிந்துவிடும். காட்டுவதானால் காட்டுங்கள்.

தொட்டார் என்ற வரி நிற்கும். பிரஷை அனுப்புங்கள்.

மிக்தாலியா


நந்தாய்மே
3 ஏப்ரல் 1996, புனித வாரப் புதன்

கொமாத்ரே,

நேற்று மத்தியானம் லீக் செயலாளர் தோன் எவாரிஸ்தோ வந்தார். விரத நாளானதால் தெல்மிரா சீஸ் சூப் வைத்திருந்தாள். மூன்று கிண்ணம் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

காகிதத்தில் நாலே வரி. பெண்ணுக்கு நீண்ட ஆட்டத்தில் கவனம் நிற்காது, எண்ணிக்கை வராது, நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், இவரைப் பிளேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் உபால்தோ மரென்கோ கேட்டுக்கொள்கிறார். கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"இதுல ஒரு கிறுக்கல் போடுங்க. ஒரு வருஷம் ரெண்டு ஆட்டமா ஆயிடும். அந்த ரெண்டையும் அடுத்த சீசன்ல வச்சுக்கலாம். இறுதி ஆட்டத்துல நீங்க உங்க பெஞ்சுல உக்காரலாம்" என்றார்.

உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அவருக்கும் அதற்கும் நடுவே இருந்தது ஒரு மேஜை அகலம்.

சொன்னால் நம்புங்கள், கை பேனா வரைக்கும் போனது. பத்தொன்பது வருஷம், கொமாத்ரே. பிறகு அந்த நாலு வரியைத் திரும்பப் படித்தேன். நான் விளையாடிய காலத்தையும் சேர்த்தால் நாற்பது வருஷத்தில் எண்ணிக்கையைத் தவறவிட்ட அம்பயர்கள் ஆறு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் ஐந்து வெளிப்பந்துவரை போனார். எவரைப் பற்றியும் யாரும் காகிதம் கொண்டுவந்ததில்லை. எவரையும் நான் பெருக்கப் போகச் சொன்னதும் இல்லை.

"தோன் எவாரிஸ்தோ, அந்தம்மா தப்பா எண்ணுனாங்க. அதை எங்க வேணும்னாலும் வந்து கத்துறேன். இதுல எழுதியிருக்கிறது அது இல்ல" என்றேன்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை மூணு கிண்ணம் குடிச்சிட்டீங்க. கிளம்புங்க."

அவர் போனதும் உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். தெல்மிரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் மூலையில் வைத்தாள்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மண் போட்டது சரிதான், அடுத்த முறையும் போடுவேன். பிரஷ் விஷயம் பிறகு.

உபால்தோ


ஹுய்கல்பா
12 ஏப்ரல் 1996

கொம்பாத்ரே,

நேற்று விசாரணையில் உங்களை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தீர்ப்பை மட்டும்தான் உங்களிடம் வாசித்திருப்பார்கள். உள்ளே என்ன பேசினேன் என்று நீங்கள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு இஷ்டமில்லை.

ரிப்போர்ட்டில் சொல்லாத ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். வெளிப்பந்து மூன்றுதான், கவுண்ட்டரை நானே தவறாக அழுத்திவிட்டேன், மேனேஜர் காட்டிய மூன்று விரல் சரி என்றேன்.

தோன் எவாரிஸ்தோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவர் தொட்டார்னு எழுதுனதும் தப்புதானே?" என்றார்.

"இல்ல. தொட்டார்."

"செனோரா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டையும் சொன்னா ரெண்டு பேருக்கும் நஷ்டம்."

"ரெண்டும் நடந்துச்சு" என்றேன். அதோடு எழுந்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வருஷம், 15ஆம் தேதி முதல். மைதானத்துக்குள் காலே வைக்கக்கூடாது. எனக்கு என்ன என்பதை இன்னும் வாசிக்கவில்லை, உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இறுதி ஆட்டத்தின் பிளேட்டுக்கு வழக்கம்போல மூன்று பெயர் வந்திருக்கும், ஒவ்வொரு அணியும் ஒரு பெயரை அடிக்கும், மிஞ்சுகிறவர் நிற்பார். பிரிமிதிவோ, தோன் எவாரிஸ்தோவின் மருமகன் உலீசெஸ், நான். எதிரணி பிரிமிதிவோவை அடித்துவிட்டது. இனி உங்கள் முறை. என் பெயரைப் பட்டியலில் போட்டதே உங்கள் கையால் அடிபடட்டும் என்றுதான். அடித்துவிட்டால், "அணிகளின் நம்பிக்கையை இழந்தவர்" என்று எழுதி அடுத்த சீசனிலிருந்து என்னை நிரந்தரமாக மூன்றாவது பேஸுக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் நான் போகப்போவதில்லை. பிளேட் இல்லையென்றால் வீடு.

இதை எழுதுவது கெஞ்சுவதற்காக இல்லை. உங்களுக்கு ஒரு வருஷம் வாங்கிக்கொடுத்தவள் நான். அடிக்கத் தோன்றினால் அழுத்தி அடியுங்கள். தயவு காட்டினால் அந்தத் தயவோடு என்னால் குனிந்து பந்து பார்க்க முடியாது.

மிக்தாலியா


நந்தாய்மே
15 ஏப்ரல் 1996

கொமாத்ரே,

இன்றிலிருந்து நான் மேனேஜர் இல்லை. இப்போது நாம் பேசலாம், தடை நீங்கிவிட்டது. ஆனால் பேசினால் கத்துவேன். எழுதினால் கொஞ்சம் யோசனை வருகிறது. ஆகவே எழுதுகிறேன்.

மேனேஜராக நான் போட்ட கடைசிக் கையெழுத்து நேற்று பத்து மணிக்கு. உலீசெஸை அடித்தேன்.

தயவு என்று பல்லைக் கடிக்க வேண்டாம். இறுதி ஆட்டத்தில் வீசப்போகிறவன் பிளாஸ். அவனுடைய நல்ல பந்தெல்லாம் முட்டி உயரத்தில் வரும். மற்ற அம்பயர்கள் குனியச் சோம்பல்பட்டு அதை வெளிப்பந்து என்பார்கள். முட்டிவரை குனிந்து பார்த்து, நல்ல பந்துதான், ஸ்ட்ரைக் என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான். கணக்குப் போட்டுத்தான் அடித்தேன். அணியில் பாதிப் பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்தம்மாவாலதான் நீங்க வெளிய போறீங்க, அவங்களையே கூப்பிடுறீங்களா?" என்றான் கேட்சர் தெமெத்ரியோ. "நான் வெளிய போறது என் கையால" என்றேன்.

அணி என்னிடம் திரும்பி வருமா என்று தெரியவில்லை. உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

பிரஷை எடுத்தது தப்பு. பேசியதும் தப்பு. ஒரே வரியில் எழுதிவிட்டேன், பெரிதுபடுத்த வேண்டாம்.

இடது வேலிக்கு வெளியே சிரிலோவின் மச்சான் லாரியை நிறுத்தப்போகிறான். கூரைமேல் நிற்பேன். அது மைதானம் இல்லை, தெரு. விதியை இரண்டு முறை படித்துவிட்டேன். அங்கிருந்து ஒவ்வொரு பந்தையும் எண்ணுவேன். ஒன்று தவறினாலும் வேலி தாண்டி வருவேன், வருஷம் இரண்டானாலும் சரி.

உபால்தோ


ஹுய்கல்பா
22 ஏப்ரல் 1996

கொம்பாத்ரே,

லாரிக் கூரையிலிருந்து உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

நான் மைதானத்துக்குள் நுழைந்ததும் துடைப்பங்கள் உயர்ந்தன. இந்தமுறை நூறுக்கு மேல். இடுப்புப் பையில் பிரஷ் இல்லை. வேண்டுமென்றேதான் வேறு வாங்கவில்லை. பிளேட்டிலிருந்து நேராக முதல் வரிசைக்குப் போனேன். மீசை வைத்த ஒரு தடியர் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் குடுங்க" என்றேன். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, எல்லோரும் பார்க்க, அந்தத் துடைப்பத்தாலேயே பிளேட்டைப் பெருக்கினேன். அவசரப்படவில்லை. ஐந்து மூலையும் வெளுக்கப் பெருக்கினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தேய்ந்துபோனது. துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, காலுக்கடியில் போட்டுக்கொண்டார். முகமூடியை மாட்டிக்கொண்டு, "விளையாடுங்க" என்றேன். அதற்குப் பிறகு ஒரு துடைப்பமும் உயரவில்லை.

பிளாஸ் நன்றாக வீசினான். முட்டி உயரத்தில் வந்ததையெல்லாம் ஸ்ட்ரைக் என்றேன், ஸ்ட்ரைக் என்பதால். எதிரணி வீசியதற்கும் அதே முட்டிதான் அளவு.

கடைசி இன்னிங்ஸ். நீங்கள் ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட், ஆட தெமெத்ரியோ வந்தான். மூன்று வெளிப்பந்து, இரண்டு ஸ்ட்ரைக். கவுண்ட்டரைப் பார்த்தேன். வேலிக்கு மேலே உங்களையும் பார்த்தேன். ஒரு கையில் மூன்று விரல், மறு கையில் இரண்டு. இரண்டும் ஒத்துப்போயிற்று.

கடைசிப் பந்து முட்டியில் வந்தது. தெமெத்ரியோ மட்டையை அசைக்கவில்லை. ஸ்ட்ரைக் என்றேன். மூன்றாவது ஸ்ட்ரைக், மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. உங்கள் பத்தொன்பது வருஷமும் அங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலிவரை கேட்கிற மாதிரி சொன்னேன்.

நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கூரையில் அடித்தீர்கள். வாய் வெகுநேரம் அசைந்தது. மைதானத்துக்குள் இருந்திருந்தால் அப்போதே வெளியேற்றியிருப்பேன். அப்புறம் நீங்கள் ஒரு விரலால் உங்கள் முட்டியைத் தொட்டுக் காட்டியதையும் பார்த்தேன்.

இன்று காலை லீக்கிலிருந்து ஆள் வந்தது. பட்டியல் மாறவில்லை. அடுத்த சீசனும் பிளேட்டுக்குப் பின்னால்தான்.

பிரஷைச் சிரிலோவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். உங்கள் தடை அடுத்த ஏப்ரல் 15ஆம் தேதி முடிகிறது. அணி திரும்பக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு நான் எங்கே நிற்கிறேனோ அங்கே கொண்டுவாருங்கள். ஜனங்கள் உட்கார்ந்த பிறகு வாருங்கள். பிளேட்வரை நடந்துவந்து என் கையில் கொடுங்கள்.

கையில்தான் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் பைக்குள் போட்டீர்களானால் தொட்டார் என்று எழுதுவேன், இன்னொரு வருஷம் வீட்டில் பெருக்கவேண்டியிருக்கும்.

மிக்தாலியா